தவறணைக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை: ஊவாத் தோட்டப்புறத்தில் மதுவற்ற பானங்களின் கதை

'தவறணை' என்ற சொல் பதுளையில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். போர்த்துக்கேயரின் 'தவெர்ன' கரையில் இறங்கி, மலையேறி வந்து, தவறணையாயிற்று. என்னுடைய மாணவர் சிலர் 'தவறு' என்பதிலிருந்து தவறணை பிறந்ததென்று விடைத்தாளில் எழுதுவார்கள். சொல்லாராய்ச்சிப்படி பிழைதான். ஆனாலும் அந்த விடையைச் சிவப்பு மையால் வெட்ட எனக்கு ஒருபோதும் கை வந்ததில்லை.

தவறணைக்கு எதிர்ச்சொல் என்ன? இலக்கணத்தில் அப்படியொன்று இல்லை. எங்கள் வீதியில் இருந்தது: தேத்தண்ணிக் கடை. சீனத்து ஹொக்கியன் பேச்சிலிருந்த 'தே' ஒல்லாந்தரின் கப்பலேறி உலகம் சுற்றி, எங்கள் தண்ணியோடு சேர்ந்து தேத்தண்ணியாயிற்று. தோட்டத்துப் பாதை பெரிய வீதியைத் தொடும் எத்தனையோ சந்திகளில் இந்த இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றன.

இதை எழுதத் தூண்டியவர் என்னிடம் படித்த ஒரு தம்பி. எல்லயில், உல்லாசப் பிரயாணிகள் வரும் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறார். ஒருநாள் இரவு தொலைபேசியில் வந்தார். "சேர், இங்க இப்ப சீரோ பியர் வந்திருக்கு. அல்கஹோல் இல்லயாம். நம்மட ஆக்களும் வந்து கேக்கிறாங்க. நான் எடுத்துக் குடுக்கலாமா? நான் குடிச்சா என்ன?" நான் தமிழ் வாத்தியார், ஆலிமல்ல, பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்கச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னார்: "வெளிநாட்டுக்காரங்க இத புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க சேர், குடிக்காதவங்களும் வந்து இருக்கிறதுக்காக." அந்த 'புதுசா'தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. குடிக்காதவனுக்கும் குடிக்க விரும்பாதவனுக்கும் வந்து இருக்க ஓர் இடம் கொடுப்பது ஊவாவில் புதுசா?

வெளிநாட்டுக் கதையிலிருந்தே தொடங்குவோம். 1832இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ஜோசப் லைவ்சியும் அவரோடு சிலரும் மதுவை முற்றாகத் தொடுவதில்லை என்று உறுதிமொழியில் கையொப்பமிட்டார்கள். ஆலைத் தொழிலாளர் நிறைந்த ஊர் அது. சாராயக் கடையை மூடச் சொன்னால் மட்டும் போதாது, வேலை முடிந்து வருகிறவன் போய் உட்கார வேறொரு இடம் வேண்டும் என்பது அந்த இயக்கத்தாருக்கு விளங்கியிருந்தது. அதனால் அவர்கள் பெரிய தேநீர் விருந்துகள் நடத்தினார்கள். 1870களில் இங்கிலாந்து நகரங்களில் 'கோப்பித் தவறணைகள்' கிளம்பின. பெயரே அதுதான். தவறணை மாதிரியே மேசை, விளக்கு, பத்திரிகை எல்லாம் இருக்கும். குடிப்பது மட்டும் கோப்பி.

அந்தக் காலத்தில் இலங்கை கோப்பி நாடு. 1869இல் கோப்பி இலைநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்துபோயின. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். 1894இல் லயன்ஸ் கம்பனி லண்டன் பிக்கடில்லியில் தன் முதலாவது தேநீர்க் கடையைத் திறந்தது. ஒரு பெண் தனியாகப் போய் மரியாதையோடு உட்காரக்கூடிய இடமாக அத்தகைய கடைகள் பெயர் பெற்றன.

ஆக, தெல்பெத்தயிலும் ஸ்பிரிங்வெளியிலும் தம்பேதென்னயிலும் கிள்ளப்பட்ட கொழுந்து கடல் கடந்து போய், லண்டனில் மதுக்கடைக்கு மாற்றாக நின்றது. அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கையின் வீட்டுக்காரருக்கு மாலையில் காத்திருந்தது என்ன? தோட்டத்தடியில் தவறணை.

தவறணை தானாக முளைத்ததல்ல. அது அரசாங்கத்தின் வருமானம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் சாராயம் விற்கும் உரிமை குத்தகைக்கு ஏலம் போடப்பட்டது. கூடிய தொகை கேட்டவர் ஒரு பிரதேசத்துத் தவறணைகளை எடுத்துக்கொள்வார். கட்டிய காசை மீட்க எவ்வளவு விற்க முடியுமோ அவ்வளவு விற்பார். சாராயக் குத்தகையில் பணம் சேர்த்து, பிறகு தோட்டங்களும் மாளிகைகளும் வாங்கிய குடும்பங்களின் கதை இலங்கை வரலாற்றில் தனி அத்தியாயம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தோடு ஒழுங்கு மாறியது. கள்ளுக்கும் சாராயத்துக்கும் தனித்தனித் தவறணைகள் என்று வந்தது. நாடெங்கும் கள்ளுத் தவறணைகள் பெருகின. தென்னை மலையில் வளராது. சாராயம் கரையோரத்திலிருந்து வண்டியிலும், 1924இல் பதுளைக்குக் கோச்சி வந்தபின் கோச்சியிலும் ஏறி வந்தது. கள்ளுக்கு மலையிலேயே கித்துல் இருந்தது.

கித்துலைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கித்துல் பாளையிலிருந்து இறங்கும் நீர் இனிப்பானது. முட்டியில் ஹல் மரப்பட்டை போட்டு வைத்தால் புளிக்காமல் நிற்கும். காய்ச்சினால் பாணி; இன்னும் இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி. பட்டை போடாமல் விட்டால் சில மணி நேரத்துக்குள் நுரைக்கத் தொடங்கும், அது கள்ளு. ஒரே மரம், ஒரே முட்டி. ஒரு வழி தவறணைக்குப் போகிறது. மற்ற வழி தேத்தண்ணிக் கடைக்கு வருகிறது, கிளாசுக்குப் பக்கத்தில் வைக்கும் ஒரு துண்டுக் கருப்பட்டியாக. யாழ்ப்பாணத்தார் பனையில் சுண்ணாம்பு தடவிக் கருப்பணி எடுப்பதும், தமிழ்நாட்டார் பதநீர் இறக்குவதும் இதே வித்தைதான். மதுவற்ற பானம் செய்யும் அறிவு எங்கள் மரமேறிகளின் கையில் எப்போதும் இருந்தது.

இனிக் கடை. முஸ்லிம்களுக்கும் ஊவாவுக்கும் உள்ள உறவு தேயிலையோடு தொடங்கியதல்ல. கண்டி அரசர் காலத்திலேயே தவளக்காரர்களாக, பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி வந்து, பாக்கும் தானியமும் ஏற்றிப் போனவர்கள் எங்கள் மூத்தோர். தோட்டங்கள் வந்தபின் இந்தியக் கரையிலிருந்து வந்த சம்மான்காரரும் சேர்ந்துகொண்டார்கள். பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடை என்று பஜார் உள்ள இடமெல்லாம் துணிக்கடை, பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை என்று பரவினார்கள். எங்கள் ஆய்வாளர்கள் மாணிக்க வியாபாரிகளைப் பற்றியும் துணி வியாபாரிகளைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். தேத்தண்ணி ஆற்றியவரைப் பற்றி எழுதியது குறைவு. அதில் பெருமைப்பட என்ன இருக்கு என்று நினைத்திருக்கலாம். மலையாளிகளும் சிங்களவர்களும் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் தோட்டத்து மக்கள் வாயில் 'நானா கடை', 'பாய் கடை' என்றால் அது எந்தக் கடை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்படியொரு கடை என் வாப்பாவின் வாப்பாவுக்கு இருந்தது. அவரை நாங்கள் 'அப்பா' என்றுதான் சொல்வோம். பசறை வீதியில், தோட்டத்துப் பாதை இறங்கும் சந்தியில், தவறணைக்கு நேரெதிரே. "ஏன் அப்பா அந்த எடத்துல கடைய போட்டீங்க?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அங்கதானே மனுசன் வாறான்" என்றார். அவ்வளவுதான். தீனுக்காகத் தவறணையோடு போராடினேன் என்றெல்லாம் அவர் சொன்னதே இல்லை. அவர் வியாபாரி.

ஆனால் அந்தக் கடை என்ன செய்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கொழுந்து நிறுத்து, பிரட்டுக்களத்துப் பேச்சும் முடிந்து ஆட்கள் இறங்கும் நேரத்தில் மலையில் குளிர் இறங்கும், மழை தூறும். லயத்துக் காம்பிரா ஒன்றில் எட்டுப் பேர். அங்கே விருந்தாளியை உட்கார வைக்க இடமில்லை. வெளியே எங்காவது ஒரு கூரையின் கீழ், சூடாக ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, நாலு கதை பேச வேண்டும். அதைத் தவறணை கொடுத்தது. ஆகவே அதை அடிக்க வேண்டுமென்றால் கூரை வேண்டும், சூடு வேண்டும், விளக்கு வேண்டும், கதை வேண்டும். அப்பாவின் கடையில் பெட்ரோமெக்ஸ் விளக்கு இருந்தது. விறகடுப்பில் எப்போதும் கொதிக்கும் செப்புப் பொயிலர் இருந்தது. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ, பால்தேத்தண்ணி, பணிஸ், கிழங்கு ரொட்டி. வீரகேசரியை ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கொப்பி. சம்பள நாள் வரை கடன் எழுதும் கணக்குக் கொப்பி. தவறணையில் பெரும்பாலும் கைக்காசுதான் செல்லும். இங்கே கையில் காசில்லாத நாளிலும் ஒரு கிளாஸ் கிடைக்கும். மாதக் கடைசியில் யாருடைய கால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கொப்பி தீர்மானித்தது. (கொப்பியின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். சம்பள நாளில் கடைக்காரருக்கு அஞ்சிச் சுற்றுவழியில் போனவர்களும் இருந்தார்கள். கணக்கு எழுதத் தெரியாதவனின் கணக்கை எழுதுவது பெரிய அமானிதம். எல்லாரும் அதை ஒரேமாதிரிப் பேணினார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.)

இன்னொன்று கிளாஸ். கடையில் கிளாஸ் ஒரே வகைதான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரட்டைக் குவளை முறை பற்றி நாம் வாசித்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகவே போராட வேண்டியிருந்தது. ஒருவனுக்குத் தேத்தண்ணிக் கடைக் கதவு மூடியிருந்து தவறணைக் கதவு மட்டும் திறந்திருந்தால் அவன் எங்கே போவான்? எங்கள் பக்கத்து நானா கடைகளில் சாதி கேட்கவில்லை. பெரிய சமத்துவவாதிகள் என்பதற்காக அல்ல. பள்ளியில் ஒரே ஸப்பில் நின்ற பழக்கமும், காசுக்குச் சாதியில்லை என்ற வியாபாரப் புத்தியும் சேர்ந்து அப்படி அமைந்தது. ஆனால் பெண்கள் உள்ளே உட்காரவில்லை. கொழுந்து கிள்ளியவர்கள் அவர்கள்தான். அவர்கள் வாசலில் நின்று பணிஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். பிக்கடில்லியில் பெண்ணுக்குக் கிடைத்த நாற்காலி பசறை வீதியில் கிடைக்கவில்லை.

1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அமைந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. சந்தையைப் பெருக்கும் பிரசாரம் வெளிநாடுகளில் மும்முரமாக நடந்தது. அதற்கு முன்பே எங்கள் சந்திகளில் ஒருவர் செலவில்லாமல் அந்தப் பிரசாரத்தைச் செய்துகொண்டிருந்தார் என்பதை அந்தத் துரைமார் கணக்கிலெடுத்ததாகத் தெரியவில்லை. ஏற்றுமதிக்குப் போக எஞ்சிய டஸ்ட் தூளில்தான் அவர் ஆற்றினார்.

மது ஒழிப்பு இயக்கம் என்று தேசிய அளவில் ஒன்று இருந்ததே, அதில் நாம் ஏன் இல்லை? இது எங்கள் வாசகர்கள் கேட்க வேண்டிய கேள்வி. 1904இல் ஹாபிட்டிகம் கோரளையில் தவறணைக்கு எதிராகக் கிளம்பிய எதிர்ப்பு, 1912இன் புதிய கள்ளுத் தவறணைகளால் நாடளாவியதாயிற்று. டி. பி. ஜயதிலக, எப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க போன்றவர்கள் அதில் முன்னணியில் நின்றார்கள். மது வேண்டாம் என்பதில் அவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு நூலளவும் வேறுபாடில்லை. ஆனால் அந்த மேடை பௌத்த மறுமலர்ச்சியோடு பின்னிக் கிடந்தது. அதே காலத்து எழுத்திலும் பேச்சிலும், அநகாரிக தர்மபாலவின் எழுத்து உட்பட, சம்மான்கார வியாபாரி மீதான வெறுப்பும் கலந்திருந்தது. 1912இல் தொடங்கிய கம்பளைப் பெரஹெர வழக்கு, 1915 மே மாதக் கடைசியில் கண்டியில் வெடித்த கலவரம் இவை எங்கள் சமூகம் மறவாதவை. கலவரத்தின் பின் ஆங்கில அரசு மது ஒழிப்புத் தலைவர்களைச் சந்தேகித்துச் சிறையில் அடைத்தது. அடிபட்டவர்கள் நாம், சிறைக்குப் போனவர்கள் அவர்கள். அந்த நிலையில் இருவரும் ஒரே மேடையில் நின்று தவறணையை எதிர்ப்பது எப்படி? தோட்டத் தொழிலாளரோ இரண்டு தரப்புக்கும் வெளியே, 'இந்தியக் கூலி' என்ற பெயரோடு நின்றார்கள். தவறணைக்கு மிக அருகே வாழ்ந்தவர்களும், மார்க்கத்தால் அதை மிகத் தூரத்தில் வைத்தவர்களும் இல்லாமலே அந்த இயக்கம் நடந்தது. மேடையில் நடக்காதது பசறை வீதியில், பேச்சில்லாமல், ஒரு கிளாஸ் மூலம் கொஞ்சம் நடந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. சம்மான்காரர் பலரையும் அது கரைக்குத் திருப்பி அனுப்பியது. எத்தனையோ கடைகள் கைமாறின. 1973-74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினி. சீனி இல்லாத அந்த நாட்களில்தான் கருப்பட்டித் துண்டு கடையில் மீண்டும் ராஜாவாயிற்று. அப்பா அந்த இரண்டு வருடமும் கொப்பியில் எழுதியதில் பாதி வசூலாகவில்லை என்பார்.

எல்லத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். 'பியர்' என்ற பெயர்தான் முதல் முள். என் மூத்தும்மா கல்யாண வீடுகளில் புரியாணிக்குப் பிறகு தரும் ஜிஞ்சர் பியரைத் தொடமாட்டார். "பேர்லயே கிடக்கே" என்பார். அவர் சொன்னதில் வரலாறு இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் இஞ்சி பியர் ஆதியில் நொதிக்கவைத்துச் செய்த, மது கலந்த பானம்தான். 1866இல் கொழும்பு ஐஸ் கம்பனியாகத் தொடங்கிய யானைச் சின்ன நிறுவனம் இப்போது போத்தலில் தருவது வாயு அடைத்த இனிப்புப் பானம். பெயர் மட்டும் பழையது. பெயர் ஒன்று இடம் மாறுவதற்கு இதைவிடப் பெரிய சான்று அரபியிலேயே உண்டு. நிக்காஹ் வீட்டில் நாம் பரிமாறும் 'கஹ்வா' பழைய அரபுக் கவிதையில் மதுவுக்கு வழங்கிய பெயர். யமன் நாட்டு ஸூபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்கக் குடித்த பானத்துக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. 1511இல் மக்காவில் கயிர் பேக் என்ற அதிகாரி கஹ்வாவைத் தடைசெய்தார்; அந்தக் கூட்டங்கள் மதுச்சாலைக் கூட்டம்போல் இருந்தனவாம். தடை நிலைக்கவில்லை. அதே நூற்றாண்டின் நடுவில் இஸ்தான்பூலில் கஹ்வாக் கடைகள் திறந்து, மது தொடாதவர்களின் பொது மண்டபங்களாயின.

ரமழானில் சவூதியிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் விம்டோ போத்தலும் இந்தக் கதையைச் சேர்ந்ததே. அது 1908இல் மன்செஸ்டரில் ஜோன் நோயல் நிக்கல்ஸ் உருவாக்கியது. மது ஒழிப்பு இயக்கம் வலுத்திருந்த அந்த வட்டாரத்தில், மது விற்காத 'மதுவிலக்குக் கடை'களில் விற்றது. பிரெஸ்டன் தொழிலாளிக்காகக் கிளம்பிய ஒன்று, பதுளை வீட்டு இப்தார் ஸுப்ராவில் வந்து நிற்கிறது.

பெயர் பெரிதல்ல என்றால், அளவு? பிரித்தானியாவில் 1.2 வீதம் வரை 'குறைந்த மது', 0.5 வீதம் வரை 'மது நீக்கியது', 0.05 வீதம் வரைதான் 'மதுவற்றது' என்று வழிகாட்டல் உண்டு. எங்கள் கடைகளில் கிடைக்கும் சாதாரண லாகர் 4.8 வீதம். ஆகவே 'இல்லை' என்று போத்தல் சொல்வதைச் சிறிய எழுத்தையும் வாசித்துத்தான் நம்ப வேண்டும். அதிகம் போதை தருவதில் கொஞ்சமும் ஆகாது என்ற நபிமொழி நமக்குத் தெரிந்தது. பேரீச்சம்பழம் ஊறிய நபீதை நபியவர்கள் அருந்தினார்கள், மூன்று நாளுக்கு மேல் வைக்கவில்லை என்பதும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. எனக்கு அதிகம் யோசனை தந்தது பாத்திரங்கள் பற்றிய அறிவிப்பு. மது ஊறவைக்கும் சுரைக்குடுவை, தார் பூசிய சாடி முதலியவற்றில் நபீத் செய்வதையே முதலில் தடுத்தார்கள். பிறகு, போதை தருவதைக் குடிக்காதவரை எந்தப் பாத்திரமும் ஆகும் என்று அனுமதித்தார்கள். பாத்திரம் ஒரு காலத்தில் ஆபத்தாகவும் இன்னொரு காலத்தில் வெறும் பாத்திரமாகவும் இருக்கலாம். மதுவோடு பழகிய சமூகத்துக்கு ஒன்று, பழக்கம் விட்ட சமூகத்துக்கு இன்னொன்று. சீரோ பியருக்கு இது என்ன தீர்ப்பு என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். மது பரிமாறும் மேசையில் உட்காராதே என்ற அறிவிப்பும் இருக்கிறதே என்று ஹஸ்ரத் தம்பிக்கு நினைவூட்டினாராம். அங்கே பானத்தைவிட இடம் பேசப்படுகிறது.

போயா நாளில் நாடு முழுக்க மது விற்பனைக்குத் தடை. உல்லாசப் பிரயாணிகள் வரும் சில இடங்களில் அன்றைக்குப் பியரைத் தேத்தண்ணிக் கேத்தலில் ஊற்றிக் கோப்பையோடு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டு முதலில் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. மற்ற நாட்களில் பியர்க் கிளாசில் பியரல்லாத ஒன்று; போயாவில் தேத்தண்ணிக் கேத்தலில் பியர்.

தம்பி அந்த வேலையில்தான் இருக்கிறார். வீட்டில் மூன்று தங்கச்சிமார். வேலையை விடு என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. முதலாளியிடம் பேசிப் பட்டியலில் இஞ்சிப் பிளேன்டீயும் கித்துல் கருப்பட்டியும் சேர்த்திருக்கிறாராம். வெள்ளைக்காரர் விரும்பிக் கேட்கிறார்களாம். பட்டியலைப் படமெடுத்து அனுப்பினார். விலையைப் பார்த்தேன். அப்பா இருந்திருந்தால் 'அஸ்தஃபிருல்லாஹ்' சொல்லியிருப்பார்.

எங்கள் சந்தியில் தவறணை இப்போது இல்லை. கொஞ்சம் தள்ளி, கம்பிக் கதவு போட்ட மதுபானக் கடை இருக்கிறது. உட்கார இடமில்லை, வாங்கிக்கொண்டு போய் லயத்துப் பின்னால் குடிக்கிறார்கள். கசிப்பும் இருக்கிறது. அப்பாவின் கடை இருந்த இடத்தில் தொலைபேசி ரீலோட் போடுகிறார்கள். அங்கேயும் உட்கார இடமில்லை. அப்பாவின் கொப்பிகளில் இரண்டுதான் எங்களிடம் மிஞ்சியிருக்கின்றன, கறையான் அரித்தபடி. பக்கத்துக்குப் பக்கம் ஆளின் பெயர், லய நம்பர், எத்தனை கிளாஸ் என்பதற்குக் கோடுகள். பசறை, லுணுகலை, வெலிமடை, ஹப்புத்தளைப் பக்கத்துக் குடும்பங்களில் இப்படியான கடைக் கொப்பிகள், லைசன்ஸ் துண்டுகள், கடை வாசலில் எடுத்த படங்கள் எஞ்சியிருக்கக்கூடும். பழைய பேப்பருக்குப் போடுமுன் இந்த இதழின் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் வந்து பார்த்துப் பிரதி எடுத்துக்கொள்கிறேன்.